சூறாவளிக்குப் பின் ஒரு சர்வே
(பழைய மாணவர் சங்க ஒன்றுகூடலில் சிவில் துறை முன்னாள் மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் எனக்குக் கொடுத்திருப்பது இருபது நிமிடம். "வெளிநாட்டு அனுபவம் ஏதாவது சொல்லுங்கண்ணே, பசங்களுக்கு உபயோகமா இருக்கும்" என்றார். பனியில் கார் ஓட்டிய கதையை எனக்கு முன்னால் பேசியவர் சொல்லி முடித்துவிட்டார். நான் சிவில் படித்தவன். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் பல வருடம் கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் உத்தியோகம். ஆகவே இடிந்த வீடுகளைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன்.

முதலில் ஒரு சொல் விளக்கம். டொர்னாடோவை நம் பத்திரிகைகள் சூறாவளி என்று எழுதுகின்றன. வங்கக்கடலில் உருவாகும் புயலுக்கும் அதே சொல்லைப் போட்டுவிடுகிறார்கள். இரண்டும் வேறு. புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். வருகிறது வருகிறது என்று நாள்கணக்கில் ரேடியோவில் சொல்வார்கள். டொர்னாடோ இடிமேகத்தின் அடிவயிற்றிலிருந்து தரைவரை இறங்கும் சுழல். பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான் அகலம். மிகப் பெரியது என்றால் இரண்டு, நாலு கிலோமீட்டர். ஒரு வீட்டைக் கடந்து போக அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. இந்த வீடு தரைமட்டம், எதிர்வீட்டில் துணிக்கொடி அப்படியே இருக்கும்.

2011 ஏப்ரல் 25 முதல் 28 வரை அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் இப்படிச் சுமார் 360 டொர்னாடோக்கள் இறங்கின. 27ஆம் தேதி ஒரே நாளில் மட்டும் 200க்கு மேல். அன்றைக்கு இறந்தவர்கள் 300க்கு மேற்பட்டோர். அவர்களில் பெரும்பாலோர் அலபாமாவில். விடியற்காலையிலேயே வரிசையாக ஒரு இடிப்புயல் வந்து மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போயிருந்தது. அதனால் மத்தியானம் பெரியவை வந்தபோது பல கிராமங்களில் டி.வி. இல்லை, சில இடங்களில் எச்சரிக்கை சொல்லும் வானிலை ரேடியோவும் இல்லை. சாயங்காலம் உயர் மின்னழுத்தக் கோபுரங்கள் விழுந்து பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையமே நின்றுவிட்டது. எங்கள் ஊர் நாள்கணக்கில் இருட்டில் கிடந்தது.

அன்றைய டொர்னாடோக்களில் நாலு, உச்சப் படியான ஐந்தாம் படியைப் பெற்றன. அவை அடித்த ஊர்களின் பெயரைக் கேளுங்கள்: மிசிசிப்பியில் ஃபிலடெல்ஃபியா, ஸ்மித்வில், அலபாமாவில் ஹேக்கல்பர்க்–ஃபில் கேம்ப்பெல், ரெய்ன்ஸ்வில். ஃபிலடெல்ஃபியா என்றதும் பெரிய நகரம் என்று நினைக்காதீர்கள்; இது அதே பெயருள்ள சின்ன ஊர். ஹேக்கல்பர்க்கில் மொத்த ஜனத்தொகை 1,500, ஃபில் கேம்ப்பெல்லில் 1,100. அந்த இரண்டு ஊர்களையும் அடித்த டொர்னாடோ தரையில் கால் வைத்தபடி ஓடிய தூரம் 132 மைல், அதாவது 210 கிலோமீட்டருக்கு மேல். பலி 72 பேர்.

அடுத்த நாளே சர்வே தொடங்கிவிடும். வானிலைச் சேவை அலுவலகத்திலிருந்து இரண்டு மூன்று பேர், கவுண்டி அவசரகால அலுவலகத்து ஆள் ஒருவர் (கவுண்டி என்றால் நம்ம தாலுகா மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்), சில சமயம் கட்டடம் தெரிந்த ஒருவர். அந்த 'கட்டடம் தெரிந்த ஒருவர்' கணக்கில்தான் நானும் சில நாள் பின்சீட்டில் உட்கார்ந்து போனேன்.

"காற்றின் வேகத்தைக் கருவி வைத்து அளந்துவிடலாமே சார், எதுக்கு இவ்வளவு அலைச்சல்?" என்று தம்பிகள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. காற்றுமானி இருக்கும் இடமாகப் பார்த்து டொர்னாடோ வருவதில்லை. வந்தால் காற்றுமானி மிஞ்சுவதில்லை. ரேடார் இருக்கிறது, ஆனால் பூமி வளைந்திருப்பதால் தூரம் போகப் போக அதன் கதிர் தரையை விட்டு மேலே மேலே போய்விடும். நூறு கிலோமீட்டருக்கு அப்பால் அது பார்ப்பது ஒரு கிலோமீட்டர் உயரத்துக் காற்றை. வீடு இருப்பதோ தரையில். ஆகவே எது உடைந்தது, எப்படி உடைந்தது என்று பார்த்து வேகத்தைப் பின்னோக்கிக் கணக்குப் போடுகிறோம். பேப்பரில் 'மணிக்கு இத்தனை மைல்' என்று வருகிறதே, அது அளந்த எண் இல்லை. படித்து எடுத்த எண்.

இந்தப் படிப்பை ஆரம்பித்துவைத்தவர் ஒரு கல்லூரி வாத்தியார் என்பதில் எனக்கு ரொம்பப் பெருமை. டெட்சுயா ஃபுஜிட்டா. ஜப்பானில் கியூஷூ தீவில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். 1945 ஆகஸ்ட் 9 அன்று இரண்டாவது அணுகுண்டுக்கு முதலில் குறித்திருந்த இலக்கு கோகுரா. அவர் இருந்தது அந்தப் பக்கத்தில்தான். மேகமும் புகையும் மறைத்ததால் விமானம் நாகசாகிக்குத் திரும்பியது. பிறகு ஃபுஜிட்டா தன் மாணவர்களை அழைத்துக்கொண்டு நாகசாகி, ஹிரோஷிமா இரண்டையும் போய்ப் பார்த்தார். கல்லறைகளில் பூ வைக்கும் மூங்கில் குழாய்கள் எந்தப் பக்கம், எவ்வளவு ஆழம் கருகியிருக்கின்றன என்று பார்த்துப் பார்த்து, குண்டு எந்த உயரத்தில் வெடித்தது என்று கணக்கிட்டார். வெடிப்புக்கு நேர்கீழே மரங்கள் நின்றபடி இருந்தன. சுற்றியிருந்தவை நட்சத்திரக் கதிர்போல வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. இதை அவர் மறக்கவில்லை.

1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்துக்குப் போனார். 1971இல் சேதத்தை வைத்து டொர்னாடோவுக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை படி போடும் முறையைக் கொடுத்தார். 1974 ஏப்ரல் 3, 4 தேதிகளில் 148 டொர்னாடோக்கள் அடித்தபோது, சிறு விமானங்களில் தாழப் பறந்து பாதை பாதையாக வரைபடம் போட்டார். அப்போது மேற்கு வர்ஜீனியாவின் காட்டில் மரங்கள் சுழன்று விழாமல் நட்சத்திரம்போல விழுந்திருந்ததைக் கண்டார். நாகசாகியில் பார்த்த அதே கோலம்! மேலிருந்து காற்று கொட்டி, தரையில் மோதி நாலாபக்கமும் சிதறியிருக்க வேண்டும் என்றார். அடுத்த வருடம் ஜூன் 24 அன்று நியூயார்க் கென்னடி விமான நிலையத்தில் இறங்க வந்த விமானம் விழுந்து நூறு பேருக்கு மேல் இறந்தபோது, அதற்கும் இந்தக் கொட்டும் காற்றுதான் காரணம் என்று சொன்னார். பலர் ஒப்புக்கொள்ளவில்லை. 1978இல் ரேடார்களை நிறுத்திவைத்துப் பார்த்ததில் அது பிடிபட்டது. பிறகு பெரிய விமான நிலையங்களில் இதற்கென்றே ரேடார் வைத்தார்கள். விழுந்த மரம் எந்தத் திசையில் விழுந்தது என்று நோட்டில் குறிக்கும் வேலை எங்கே போய் நிற்கிறது பாருங்கள்.

அவர் போட்ட படிகளில் ஒரு குறை இருந்தது. 'நன்றாகக் கட்டிய வீடு' என்றால் எது நன்றாக? டெக்சாஸ் டெக் பல்கலைக்கழகம் இருக்கும் லப்பக் நகரத்திலேயே 1970 மே 11 அன்று டொர்னாடோ அடித்து 26 பேர் இறந்தார்கள். அங்கே காற்றுப் பொறியியல் வளர்ந்ததற்கு அதுதான் தொடக்கம். அவர்கள் முன்னின்று உருவாக்கிய திருத்திய முறை 2007 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. பெயர் இ.எஃப். அளவுகோல். இதில் கொட்டகை, குடியிருப்பு வீடு, மொபைல் ஹோம், பள்ளிக்கூடம், மின்கம்பம், மரம் என்று 28 வகைகள். ஒவ்வொரு வகைக்கும் சேதப் படிகள் தனி. வீட்டுக்குப் பத்துப் படி. பத்தாவது படி என்றால் வீடே இல்லை, தளம் மட்டும் துடைத்துவிட்டதுபோல இருக்கிறது. அதற்கு எதிர்பார்க்கும் வேகம் மணிக்கு 200 மைல். ஆனால் கட்டியது மோசமென்றால் 165 மைலிலேயே அப்படி ஆகலாம். நன்றாகக் கட்டியிருந்தால் 220 வேண்டும். 165க்கும் 220க்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதுதான் சர்வே ஆளின் தலைவலி.

நம்ம ஊரில் செங்கல், சிமெண்ட். அங்கே கிராமத்து வீடு முழுக்க மரச்சட்டம். கான்கிரீட் தளத்தின்மேல் படுக்கையாக ஓர் அடிக்கட்டை, அதன்மேல் நிற்கும் சட்டங்கள், மேலே கூரை. காற்று கூரையை மேலே இழுக்கும். அந்த இழுவை கூரையிலிருந்து சுவருக்கு, சுவரிலிருந்து அடிக்கட்டைக்கு, அங்கிருந்து தளத்துக்கு இறங்கியாக வேண்டும். லோட் பாத் என்று ஸ்ட்ரக்சர்ஸ் வகுப்பில் போர்டில் அம்புக்குறி போட்டுக் காட்டுவார்களே, அதேதான். நான் அப்போது கடைசி பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதை முன்வரிசையில் இருப்பவர்கள் சொல்லாமல் இருந்தால் நல்லது.

துடைத்துவிட்ட தளத்தைப் பார்த்ததும் டி.வி.க்காரர் "ஐந்தாம் படி" என்று அறிவித்துவிடுவார். சர்வே ஆள் குனிந்து தளத்தின் விளிம்பைப் பார்ப்பார். அரை அங்குல ஆங்க்கர் போல்ட் ஆறடிக்கு ஒன்றாவது இருக்கிறதா? போல்ட் நிற்கிறது, நட்டும் வாஷரும் அப்படியே இருக்கின்றன, கட்டை மட்டும் பிளந்து பிய்ந்து போயிருக்கிறது என்றால் அது பெரிய காற்று. போல்ட் இருக்கிறது, நட்டே போடவில்லை என்றால் வீடு அதன்மேல் சும்மா உட்கார்ந்திருந்தது. பல இடங்களில் போல்ட்டே கிடையாது. கான்கிரீட் ஆணி அடித்து முடித்திருப்பார்கள். இன்னொன்று, அடிக்கட்டை தளத்தோடு பத்திரமாக இருக்கும், அதில் வரிசையாக ஆணி முனைகள் மட்டும் வானத்தைப் பார்த்து நிற்கும். கீழிருந்து நேராக அடித்த ஆணி. மரத்தின் நுனியில் இறங்கியது. இழுத்தால் உருவிக்கொண்டு வந்துவிடும். சட்டங்கள் எல்லாம் சீப்பிலிருந்து பல் உதிர்ந்தமாதிரி போயிருக்கும்.

அதற்குப் பிறகு நிமிர்ந்து சுற்றிப் பார்க்க வேண்டும். வீடு போய்விட்டது, ஆனால் வாசல் செடி இலையோடு நிற்கிறது. கார் நிறுத்திய இடத்திலேயே இருக்கிறது. அப்படியானால் எண்ணைக் குறைக்க வேண்டியதுதான். மரத்துக்குப் பட்டை உரிந்திருக்கிறது, காரை வயலில் தேட வேண்டியிருக்கிறது, புல் வேரோடு போயிருக்கிறது என்றால் கதை வேறு.

பழைய நம்பிக்கை ஒன்று இருந்தது. டொர்னாடோவுக்குள் காற்றழுத்தம் குறைவு, அதனால் வீடு வெடிக்கிறது, ஆகவே ஜன்னலைத் திறந்து வை என்று பள்ளிக்கூடத்தில்கூடச் சொல்லிக்கொடுத்தார்கள். வரிசையாக வீடுகளைப் பார்த்த பொறியாளர்கள்தான் அதைக் கிளப்பி எறிந்தார்கள். பெரும்பாலும் முதலில் போவது அகலமான காரேஜ் கதவு அல்லது காற்று அடிக்கும் பக்கத்து ஜன்னல். அது போனதும் காற்று உள்ளே புகுந்து கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலிருந்து இழுக்கும். கூரை போனால் சுவரைப் பிடிக்க ஆளில்லை. ஜன்னலைத் திறந்துவைப்பது திருடனுக்குக் கதவு திறந்துவிடுகிற மாதிரி.

இதெல்லாம் வீடு இருக்கும் இடத்தில். கிராமப்புறத்தில் இரண்டு வீட்டுக்கு நடுவே ஒரு மைல், இரண்டு மைல். நடுவில் பைன் காடு, மாட்டுக்கொட்டகை, கோழிப்பண்ணையின் நீளக் கொட்டகைகள், மின்கம்பம், மொபைல் ஹோம். கொட்டகை 100 மைல் வேகத்திலேயே போய்விடும். அதற்கு மேல் 150 அடித்ததா 250 அடித்ததா என்று அது சொல்லாது. உடைவதற்கு ஒன்றுமில்லாத இடத்தில் காற்றுக்குச் சாட்சி இல்லை. 2013 மே 31 அன்று ஒக்லஹோமாவில் எல் ரீனோ ஊரருகே இறங்கிய டொர்னாடோவின் அகலம் 2.6 மைல், பதிவானவற்றில் மிக அகலமானது அதுதான். லாரியில் ஏற்றிய ரேடார்கள் மணிக்கு 300 மைலை நெருங்கும் காற்றை அதில் கண்டன. டிம் சமராஸ் என்ற அனுபவமுள்ள ஆராய்ச்சியாளர், தன் மகனோடும் சக ஆராய்ச்சியாளரோடும் அதில் இறந்தார். ஒரு கட்டத்தில் அதை ஐந்தாம் படி என்று அறிவித்தார்கள். விதிப்படி சேதத்தை மட்டுமே பார்க்க வேண்டும் என்பதால் பிறகு மூன்றாம் படிக்கு இறக்கினார்கள். திறந்த வயலில் மூன்றுக்கு மேல் காட்ட எதுவும் இல்லை. லாரி ரேடாரில் பிடிபட்ட பல டொர்னாடோக்களைச் சேதப் படியோடு ஒப்பிட்ட ஆய்வு 2021இல் வெளிவந்தது. சராசரியாக ஒரு படிக்கு மேல் குறைத்தே எழுதியிருக்கிறோம் என்கிறது அது. கட்டட விதிக்கான காற்று வரைபடம் இந்தப் பழைய எண்களை வைத்தும்தான் போடப்படுகிறது. விவசாயியின் ஊருக்கு வரைபடத்தில் காற்று குறைவாகத் தெரிவதற்கு அவர் வீடு பலவீனமாக இருந்ததும் ஒரு காரணம் என்றால், இதை என்னவென்று சொல்வது?

பொறுமையாகத் தேடினால் சாட்சி கிடைக்கும் என்பதற்கும் உதாரணம் உண்டு. மிசிசிப்பியின் ஃபிலடெல்ஃபியா பக்கத்தில் பெரிய வீடுகள் இல்லை. ஆனால் மேய்ச்சல் நிலத்தில் மண்ணே இரண்டடி ஆழம்வரை தோண்டப்பட்டிருந்தது. ரோட்டில் தார் உரிந்திருந்தது. பட்டை போட்டுக் கட்டியிருந்த ஒரு மொபைல் ஹோம் சுமார் 300 கஜம் தள்ளி எறியப்பட்டு, உள்ளே இருந்த மூன்று பேரும் இறந்தார்கள். அதை வைத்தே ஐந்து கொடுத்தார்கள். 2025 ஜூன் 20 அன்று வடக்கு டகோட்டாவில் எண்டர்லின் அருகே வயல்வெளியில் ஒரு சரக்கு ரயில் மாட்டியது. முதலில் மூன்றாம் படி என்றுதான் வந்தது. பிறகு தானியம் ஏற்றிய வேகன்கள் கவிழ என்ன காற்று வேண்டும், காலி டேங்கர் வேகன் ஒன்று 475 அடி தள்ளிப் போய் விழ என்ன வேண்டும் என்று கனடா ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து கணக்குப் போட்டார்கள். அக்டோபரில் ஐந்தாக உயர்த்தினார்கள். பன்னிரண்டு வருடத்துக்குப் பிறகு கிடைத்த முதல் ஐந்து.

சர்வேயில் நேரம்தான் எதிரி. முதல் நாள் ரோடெல்லாம் மரம்; மீட்புப் படைக்குக் குறுக்கே நாம் போகக்கூடாது. மூன்றாம் நாள் போனால் பொக்லைன் வந்து எல்லாவற்றையும் வாரிக் குவித்திருக்கும். ஆணியும் போல்ட்டும் அந்தக் குவியலில். ஊர்ப்பலகைகள் பறந்துவிட்டதால் எந்த ரோட்டில் நிற்கிறோம் என்றே தெரியாது, ஜி.பி.எஸ். பார்த்துப் புள்ளி குறிக்க வேண்டும். தொடங்கிய இடத்தையும் முடிந்த இடத்தையும் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம். அது பெரும்பாலும் காட்டுக்குள் இருக்கும். மரங்கள் உள்நோக்கி ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக விழுந்திருந்தால் டொர்னாடோ, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் நேர்காற்று. ஹேக்கல்பர்க் பாதை பர்மிங்ஹாம் அலுவலகத்தின் எல்லையில் நடந்து, ஹன்ட்ஸ்வில் அலுவலகத்தின் எல்லைக்குள் நுழைந்து, டென்னசி வரை போனது. இருவர் போட்ட கோடுகளையும் இணைத்துப் பார்த்தபோதுதான் அது ஒரே கோடு என்று தெரிந்தது.

மக்களைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. தளத்தின்மேல் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர் எங்களுக்குத் தண்ணீர் பாட்டில் கொடுத்துவிட்டு, "எங்களுக்கு எத்தனை நம்பர் போட்டீங்க?" என்று கேட்டார். நிவாரணப் பணத்துக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமில்லை என்று கூட வந்தவர் விளக்கினார். அது தனக்குத் தெரியும் என்றார் அவர். தன் வீட்டை எடுத்துக்கொண்டு போனது எவ்வளவு பெரியது என்று தெரிந்துகொள்ள நினைத்தார், அவ்வளவுதான். அவர் வீட்டுப் போல்ட்டுகளில் நட்டு இருந்தது.

காற்றில் போன சாமான்களைக் கண்டெடுத்தவர்கள் படம்பிடித்து இணையத்தில் போட, உரியவர்கள் அடையாளம் கண்டார்கள். அதில் 900க்கு மேற்பட்ட பொருள்களை ஜார்ஜியா பல்கலைக்கழகத்தார் வரைபடத்தில் குறித்தார்கள். ஃபில் கேம்ப்பெல் வீட்டுப் புகைப்படம் ஒன்று சுமார் 350 கிலோமீட்டர் தள்ளி டென்னசியில் கிடைத்தது. அதே ஊரைப் பற்றி இன்னொரு செய்தி, இந்தக் கூட்டத்துக்குப் பொருத்தமானது: உலகத்தில் ஃபில் கேம்ப்பெல் என்று பெயருள்ளவர்கள் எல்லாம் அந்த ஊரில் கூடுவதாக டொர்னாடோவுக்கு முன்பே ஏற்பாடு. அடித்த பிறகும் 2011 ஜூனில் வந்தார்கள். விருந்துக்கு வந்தவர்கள் கையுறை போட்டுக்கொண்டு இடிபாடு அள்ளினார்கள். நம்ம சங்கத்துக்கு ஐடியா வேண்டுமென்றால் செயலாளர் குறித்துக்கொள்ளலாம்.

கடைசியாக மொபைல் ஹோம். தொழிற்சாலையில் செய்து லாரியில் கொண்டுவந்து இறக்கும் நீளப் பெட்டி வீடு. கையில் காசு குறைந்தவர்களின் வீடு. அமெரிக்க வீடுகளில் இவை சுமார் 6 சதவீதம்தான். ஆனால் வீட்டுக்குள் இருந்து டொர்னாடோவில் இறப்பவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இவற்றில்தான் இறக்கிறார்கள். 2019 மார்ச் 3 அன்று அலபாமாவில் போரிகார்ட் என்ற கிராமப்பகுதியில் 23 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் மொபைல் ஹோம்களில் இருந்தவர்கள். தரையில் அடிக்கும் நங்கூரக் கம்பியும் இரும்புப் பட்டையும் சில வீடுகளுக்கு இல்லவே இல்லை. சிலவற்றில் துருப்பிடித்து இற்றிருந்தன. நாலாம் படியின் நடுப்பாதையில் எந்தப் பட்டையும் காப்பாற்றாது என்பது உண்மை. ஆனால் பாதையின் பெரும்பகுதி எப்போதும் நடுப்பாதை இல்லை. ஓரங்களில் அடிப்பது 90, 100 மைல் காற்றுதான். அந்த ஓரத்தில் பட்டை கட்டிய வீடு நகர்ந்து நிற்கிறது, கட்டாதது உருள்கிறது. இதை நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடுகளிலேயே பார்த்தோம்.

2011 மே 22 அன்று ஜாப்ளின் நகரம் அடிபட்ட பிறகு நடந்த நீண்ட ஆய்வின் பலனாக, அமெரிக்கச் சிவில் பொறியாளர் சங்கத்தின் ஏ.எஸ்.சி.இ. 7 விதிநூலின் 7–22 பதிப்பில் முதன்முறையாக டொர்னாடோ சுமைக்குத் தனி அத்தியாயம் வந்திருக்கிறது. மருத்துவமனை, பள்ளிக்கூடம் போன்ற கட்டடங்களுக்கு அது பொருந்தும். சாதாரண வீட்டுக்கும் மொபைல் ஹோமுக்கும் இல்லை.

மணி அடித்துவிட்டார்கள், சாப்பாடு தயார் என்று அர்த்தம். நான் எடுத்த போட்டோக்களும், பிய்ந்த அடிக்கட்டைத் துண்டு ஒன்றும், நேராக உருவி வந்த நாலு ஆணியும் டிராயிங் ஹால் மேஜையில் வைத்திருக்கிறேன். சிவில் தம்பி தங்கைகள் சாப்பிட்டுவிட்டு வந்து கையில் எடுத்துப் பாருங்கள். மூன்று மணி வரை அங்கேதான் இருப்பேன்.